முகிலனின் இடுப்புக் கயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி இருபது நிமிடம். குழந்தைகள் மருத்துவமனையின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் தூக்கப்பட்டிருந்தது. அதன் கீழே முதலில் கண்ணில் பட்டவை ஒரு துடைப்பமும், ஈரத் தரையில் நகர்ந்துகொண்டிருந்த இரண்டு கால்களும். வெளியே படியில் ஆள் யாரும் இல்லை. ஆட்களுக்குப் பதிலாக ஒரு கட்டைப்பை, பாதி தண்ணீர் உள்ள பாட்டில், ஒரு ஹெல்மெட், குழந்தையின் ஒற்றைச் செருப்பு ஆகியவை வரிசையாக இருந்தன. கள்ளக்குறிச்சியில் டாக்டரைப் பார்க்கும் வரிசை காலை நேரத்தில் இப்படித்தான் நிற்கும். பொருளை வைத்துவிட்டு ஆள் டீக்கடைக்குப் போகலாம். இடத்தை யாரும் எடுக்கமாட்டார்கள்.

என் கணவர் சேகர் தோளில் இருந்த துண்டை மடித்து ஒற்றைச் செருப்புக்குப் பின்னால் வைக்கக் குனிந்தார். முகிலன் என் தோளில் கிடந்தான். எதிர்ச் சாரி டீக்கடையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"ஏம்மா, புள்ள துவண்டு கெடக்குது, நீங்க இன்னா துண்டு போட்டுக்கினு? உள்ள தூக்கினு போங்க. செருப்பு எங்களுதுதான், நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்."

ஹெல்மெட்டின் சொந்தக்காரரும் கையை ஆட்டினார். உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்தவர் ஷட்டரை இன்னும் மேலே தள்ளிவிட, நாங்கள் குனிந்து நுழைந்தோம்.

முகிலனுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து வந்தவன் பையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டான். தொட்டால் சுட்டது. தெருமுனை டாக்டர் கொடுத்த காய்ச்சல் மருந்துக்குச் சில மணி நேரம் இறங்கி மறுபடி ஏறியது. சனிக்கிழமை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கண்ணைத் திறக்க யோசித்தான்.

நான் திருமணத்துக்கு முன்பும் பின்புமாகச் சில ஆண்டுகள் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். மழைக்காலம் வந்தால் 'மர்மக் காய்ச்சல்' என்ற தலைப்பு வாரம் ஒருமுறையாவது என் கை வழியாகப் போகும். ஒற்றைப் பத்தி, ஊர்ப் பெயர், 'பொதுமக்கள் பீதி'. காய்ச்சலில் என்ன மர்மம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. சோதனையில் பெயர் வராத காய்ச்சல் மர்மக் காய்ச்சல். இப்போது அந்தத் தலைப்பு என் தோளில் தலை சாய்த்துக் கிடந்தது. இதை எழுத அதுவும் ஒரு காரணம்.

மருத்துவர் அருளுக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சிறிய டார்ச். பெற்றோரிடம் பேசுவதற்கு முன் பிள்ளையிடம் பேசுகிறவர்.

"சாரு பேரு என்ன?"

முகிலன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சொல்லமாட்டியா? சரி, நாக்க காட்டு. நாக்குல எழுதியிருக்கும்."

நாக்கை நீட்டினான். வெள்ளை படிந்து காய்ந்திருந்தது. டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். கண் இமையை இறக்கிப் பார்த்தார். கழுத்து, காதுக்குப் பின்புறம், அக்குள். பிறகு எங்களிடம் கேட்டார்.

"மலைக்கு எங்கயாவது போனீங்களா? கரியாலூர் பக்கம், அருவி பாக்க?"

"இல்லைங்க சார்" என்றேன்.

அது உண்மை. அந்த மாதம் நாங்கள் போனது மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள சேகர் வீட்டு நிலத்துக்கு மட்டும். கரும்பு வெட்டு நடந்தது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டதாக நினைத்தேன்.

வயிற்றை அழுத்திப் பார்த்தார். கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருப்பதாகச் சொன்னார். காய்ச்சலில் கல்லீரல் வீங்கினால் அப்படிக் கையில் தட்டுப்படுமாம். அப்போது அவர் கண் இடுப்புக்குப் போனது. கறுப்புக் கயிறு, அதில் வலப்பக்கம் ஒரு செப்புத் தாயத்து, தாயத்தைச் சுற்றி மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது என்ன மஞ்சள்?"

"தாயத்து உரசிப் புண்ணாயிடுச்சு சார். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வெச்சிருக்கோம்."

அவர் விரல் தாயத்துக்குப் போவதற்குள் சேகரின் கை அதை மூடியது.

"அத மட்டும் அசைக்காதீங்க சார். கொலசாமி கோயில்ல கட்னது."

டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். இந்த ஊரில் குழந்தை மருத்துவராக இருப்பவர் தினமும் கேட்கும் வாக்கியம் அது.

அந்தப் புண்ணை நான் புதன்கிழமை உடம்பைத் துடைத்துவிடும்போது பார்த்திருந்தேன். சேகர் பார்த்தார். பிள்ளையைப் பார்க்க வந்த என் நாத்தனாரும் பார்த்துவிட்டு, "தாயத்துதான் உறுத்துது, கயிறு சின்னதாப் பூட்ச்சி" என்றார். கயிறு கட்டி இரண்டு வருடமாகியிருந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டான், முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. மூன்று பேர் பார்த்து மூன்று பேரும் ஒரே முடிவுக்கு வந்ததால் நான்காவது ஆளுக்கு அதை விளக்கிச் சொல்வதும் எளிதாக இருந்தது.

இரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை என்று வந்தது. தொடக்கத்தில் காட்டாமலும் போகலாம் என்றார்கள். டைபாய்டும் இல்லை. ஆனால் தட்டணுக்கள் குறைந்திருந்தன. அடிபட்ட இடத்தில் இரத்தத்தை உறையவைப்பது இந்தத் தட்டணுக்கள்தான். மிகவும் குறைந்தால் அடிபடாமலே உள்ளுக்குள் கசியலாம். அதனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. மாடியில் கட்டில் கொடுத்தார்கள்.

மாடி வார்டில் ஆறு கட்டில்கள். சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். பிறகு வந்த ஏ.சி. பெட்டிக்கு இடம் தேவைப்பட்டதால் அதற்குத் தலை இல்லை. வந்த பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். முகிலன் கேட்கவில்லை.

வார்டைப் பார்த்துக்கொண்டவர் ரெஜினா சிஸ்டர். சின்னசேலத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். எதைச் செய்வதற்கு முன்பும் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்வார்.

"கண்ணு, இப்ப கையில ஒரு கட்டெறும்பு கடிக்கும்."

பக்கத்துக் கட்டில் பையன் எட்டிப் பார்த்து, "அது ஊசி" என்றான்.

"ஊசி எறும்புடா. உனக்கு வேணுமா?"

பையன் போர்வைக்குள் போய்விட்டான்.

வயிற்றை ஸ்கேன் எடுத்தபோதும் உடம்பைத் துடைத்துவிட்டபோதும் கயிற்றின் இடப்பக்கத்தை ரெஜினா மேலே தள்ளுவார். தாயத்து இருந்த பக்கத்தைச் சேகர் தன் விரலால் பிடித்துக்கொள்வார். இருவருக்கும் பேச்சே தேவைப்படவில்லை. அந்த வழக்கம் ஒரே நாளில் உண்டாகிவிட்டது.

சேகர் பக்திமான் என்று சொல்ல முடியாது. பேருந்து நிலையம் அருகே தண்ணீர் மோட்டாருக்கும் டிராக்டருக்கும் உதிரிப் பாகங்கள் விற்கிறார். எந்தப் பொருள் எத்தனை வருடம் உழைக்கும் என்று பார்த்துச் சொல்லும் மனிதர். கயிறு விஷயம் வேறு. அவருக்கு முருகன் என்று ஒரு தம்பி இருந்தான். ஏழு வயதில் காய்ச்சல் கண்டு இறந்தான். அப்போது சேகருக்குப் பத்து வயது. இறந்தவன் உடம்பில் இடுப்புக் கயிறு இருக்கக்கூடாது என்பதால் எங்கள் பக்கம் அதை அறுத்து எடுத்துவிடுவார்கள். தம்பி இறந்துவிட்டான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சித்தப்பா ஒரு பிளேடோடு கட்டிலுக்கு வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். திருமணமான புதிதில் ஒருமுறை இதை என்னிடம் சொன்னார். மறுபடி சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை அவர் கைப்பேசி அடித்தது. பக்கத்துச் செருப்புக்கடை அன்வர் பாய். ஒலிபெருக்கியில் போடாமலே வார்டு முழுக்கக் கேட்கும் குரல்.

"சேகரு, உன் கடைய நான் தெறந்துட்டேன். ஒருத்தரு வந்து வால்வு கேட்டாரு. இன்னா வால்வுன்னு எனக்கு இன்னா தெரியும்? நாலு எடுத்துப் போட்டேன், அவரே ஒண்ண பொறுக்கிக்கினாரு."

"வெல தெரியாதே பாய்."

"அதையும் அவரே சொல்லிட்டாரு. நல்ல மனுசன். நீ கடைய நெனைக்காத, புள்ளைய பாரு."

ஒரு வாரத்தில் சேகர் சிரித்தது அப்போதுதான்.

அன்று மதியம் பக்கத்துக் கட்டில் பையன் வீட்டுக்குப் போனான். அந்தக் கட்டிலுக்குக் கரியாலூரிலிருந்து ஒரு பெண்குழந்தை வந்தாள். பெயர் சந்தியா, ஒன்பது வயது. தூக்கிக்கொண்டு வந்தவர் அவள் அம்மா அலமேலு. மலைப் பேருந்தின் வளைவுகளில் இருவரும் வாந்தியெடுத்துக் களைத்திருந்தார்கள். வந்ததும் அலமேலு என்னிடம் முதலில் கேட்டது, "ஏங்க்கா, அந்த மிருகத்துக்குத் தல எங்க?"

சந்தியாவுக்கும் அதே காய்ச்சல், அதே வாடல். டாக்டர் வந்தார். மலை என்று கேட்டதுமே அவர் பார்த்த விதம் வேறாக இருந்தது. பாவாடைச் சட்டையைத் தளர்த்தச் சொல்லி, டார்ச்சை எடுத்து, தலைமுடிக்குள்ளிருந்து தொடங்கினார். வலது அக்குளில் டார்ச் நின்றது.

"இங்க பாரும்மா. இது எப்ப வந்துச்சு?"

"பாக்கவே இல்லீங்களே சார்."

"அவளுக்கும் தெரிஞ்சிருக்காது. வலிக்காது, அரிக்காது."

ரெஜினாவைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னையும் பார்க்க அழைத்தார். பீடி நெருப்பு பட்டுக் கருகியது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். உண்ணிக் காய்ச்சல் என்றார். ஆங்கிலத்தில் ஸ்கரப் டைபஸ். புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு வகை உண்ணியின் குஞ்சு, கண்ணுக்கே தெரியாதது, கடித்துவிட்டு விழுந்துவிடும். கடித்த இடத்தில் தோல் செத்துக் கறுக்கும். கிருமி இரத்தத்தில் ஏறி ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலாகும். மருந்து பழையது, எளிதாகக் கிடைப்பது. ஆனால் இதற்கென்று உள்ளதைக் கொடுத்தால்தான் கேட்கும். சாதாரணக் காய்ச்சல் ஊசிகள் இதைத் தொடாது. பிந்தினால் நுரையீரலுக்கும் மூளைக்கும் போகும்.

டாக்டர் போகும்போது எங்கள் கட்டிலருகே நின்று முகிலனின் அக்குளையும் தொடையிடுக்கையும் மறுபடி பார்த்தார். ஒன்றும் இல்லை. "இவங்க மலைக்குப் போகல" என்று ரெஜினாவிடம் சொன்னார். அதற்கான சோதனைக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். வெளியூருக்கு அனுப்பி முடிவு வர இரண்டு நாளாகும்.

முகிலனுக்கு அந்த இரண்டு நாள் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே குழிந்து குழிந்து எழும்பியது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். தட்டணுக்கள் இன்னும் இறங்கியிருந்தன. டாக்டர் எங்களை வராந்தாவுக்கு அழைத்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறது நல்லது. மூச்சுக்கு மெஷின் தேவைப்பட்டா இங்க என்கிட்ட இல்ல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்."

"இன்னா நோய்னு சொல்லிட்டு அனுப்புங்க சார்" என்றார் சேகர்.

"அதுதான் எனக்கும் தெரியணும்."

இப்படிச் சொல்லும் மருத்துவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதன் அர்த்தமும் தெரிந்தது. பெயர் தெரியாத நோயோடு, மூச்சு வாங்கும் பிள்ளையை, மணிக்கணக்கில் சாலையில் கொண்டுபோக வேண்டும்.

நான் உள்ளே வந்து முகிலனுக்கு வேறு சட்டை மாற்றினேன். அரைக்கால் சட்டையின் எலாஸ்டிக்கை விலக்கும்போது தாயத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் சற்றுப் பெயர்ந்திருந்தது. அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு. வளையத்தின் ஒரு பகுதி போல இருந்தது. அந்த வளைவை முந்தின நாள் சந்தியாவின் அக்குளில் பார்த்திருந்தேன்.

"சார்" என்று கத்தினேன். வார்டில் எல்லாரும் திரும்பினார்கள்.

டாக்டர் டார்ச்சோடு வந்தார். தாயத்தை மெல்ல நிமிர்த்தப் பார்த்தார். அசையவில்லை. மஞ்சளும் எண்ணெயும் கசிந்த நீரும் காய்ந்து, தாயத்தைத் தோலோடு சாந்து பூசியதுபோல் ஒட்டவைத்திருந்தன. கயிறு இறுகியிருந்ததால் தாயத்துப் பக்கம் விரல் நுழைய இடமில்லை.

"இழுத்தா பிச்சுக்கும், ரத்தம் நிக்காது. நனைச்சு எடுக்கணும். கயித்த மொதல்ல எடுங்க."

முடிச்சில் நகம்கூட இறங்கவில்லை. ரெஜினா டிரேயிலிருந்து கத்திரியை எடுத்தார். சேகர் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"கத்திரிய எடுத்துக்கினு எங்க வர்றீங்க?"

"கயித்த வெட்டணும்ணா."

"வெட்டக்கூடாது." அவர் குரல் உயரவில்லை. "எம் புள்ள உசுரோட இருக்கறான்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரெஜினா அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கத்திரியைக் கட்டில் மேல் வைத்தார். நேராகத் தன் மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார். பஞ்சு, பிளாஸ்திரி, இவற்றோடு ஒரு பாலித்தீன் பை. அதற்குள் கட்டாக இடுப்புக் கயிறுகள், கறுப்பும் சிவப்பும்.

"அண்ணா, இத பாருங்க. மொதல்ல புதுச கட்டுவோம். கட்டினப்புறம் பழச எடுப்போம். புள்ள இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமனே இருக்காது. கயிறு இல்லாம வெறும் கத்திரிய தூக்கினு வந்தா இந்த ஊர்ல எங்கள வுட்டுவெப்பீங்களா? வருசம் பூரா இத வாங்கி வெச்சுக்கினுதான் இருக்கோம்."

சேகர் கயிறுகளைப் பார்த்தார்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு சேகர்" என்றார் டாக்டர், தன் பெல்ட்டைத் தட்டி. "போன வருஷம் எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப இதே மாதிரிதான் மாத்தினாங்க. எங்க வீட்டம்மா தியேட்டர் வாசல் வரைக்கும் வந்து கட்டினதுக்கு அப்புறம்தான் உள்ள வுட்டாங்க."

"எந்தக் கலரு வேணும், சொல்லுங்க" என்றார் ரெஜினா.

"செவப்பு."

சொன்னது முகிலன். கண் மூடியபடியே சொன்னான். இரண்டு நாளில் அவன் பேசிய முதல் சொல்.

சேகர் சிவப்புக் கயிற்றை வாங்கிக்கொண்டார். பிள்ளையின் முதுகுக்குக் கீழே கையை விட்டு அதைச் சுற்றிக்கொண்டுவந்தார். அவர் முடிச்சுப் போடப்போகும்போது ரெஜினா தடுத்தார்.

"இறுக்காதீங்க. வால ஒரு சாண் வுட்டுக் கட்டுங்க."

"எதுக்கு அவ்ளோ நீளம்?"

"தேறினா வேணும்ல."

ஒரு சாண் விட்டுக் கட்டினார். பிறகு கையை நீட்டினார். "குடுங்க, நானே வெட்றேன்." கத்திரியின் ஒரு முனையைக் கறுப்புக் கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்து, அந்தப் பக்கம் ஒரு விரலைக் காவல் வைத்து, ஒரே வெட்டு. அவர் கடையில் பெல்ட் வெட்டும் அதே பதம். கயிறு இரண்டாகி விழுந்தது. தாயத்து மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

டாக்டர் உப்புநீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்துக் காத்திருந்தார். மஞ்சள் கரைந்து வழிந்தது. தாயத்து தானாக நழுவியது. அடியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் முழு வளையம்.

"இதோ இருக்கான்" என்றார் டாக்டர். நிமிர்ந்தபோது அவர் முகம் பரீட்சை முடிந்த பையனுடையது போல இருந்தது. "அன்னிக்கே நான் தூக்கிப் பாத்திருக்கணும்."

"நாங்க மலைக்கே போகலையே சார்" என்றேன்.

"மலைன்னு கேட்டது என் தப்பு. புதர் எங்க இருக்கோ, எலி எங்க இருக்கோ, அங்கெல்லாம் இது இருக்கும். கரும்புக் கொல்லைக்குப் போனானா?"

சேகர் மெதுவாகச் சொன்னார். "வெட்டு நடந்துச்சு சார். காஞ்ச தோக மேல நாள் பூரா பெரண்டுக்கினு கெடந்தான். நான்தான் வெளையாடட்டும்னு வுட்டேன்."

"அதுக்கென்ன, விளையாடத்தான் பிள்ளைங்க. இப்ப பேர் தெரிஞ்சிடுச்சு."

அந்த வாக்கியத்தை நான் மறக்கப்போவதில்லை. நோய் அப்படியேதான் இருந்தது. பிள்ளைக்கு மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அறையில் இருந்த எல்லாருடைய கைகளும் வேகமாக இயங்கத் தொடங்கின. டாக்ஸிசைக்ளின் மருந்தை முதல் வேளையாகக் கொடுத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் பால் கூடாது, மருந்து உடம்பில் சேராது என்றார்கள். ஊசி வழியாக இன்னொரு மருந்தும் ஏறியது.

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. டாக்டர் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

"இப்பவே கிளப்பினா வழியில குலுக்கல்தான் மிச்சம். மருந்து உள்ள போயிருக்கு. சாயங்காலம் வரைக்கும் பாப்போம். மூச்சு இன்னும் ஏறினா அந்த நிமிஷமே கிளம்பணும். வண்டி இங்கயே நிக்கட்டும்."

பெரிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் எல்லாம் சொல்லி ஒரு கட்டிலும் கேட்டுவைத்தார். மூச்சை எண்ண ரெஜினா எனக்குக் கற்றுக்கொடுத்தார். நெஞ்சைப் பார்க்காதே, வயிற்றைப் பார், ஏறி இறங்கினால் ஒன்று. முகிலனின் வயிற்றின் மேல் சிவப்புக் கயிறு ஏறி இறங்கியது. அதைப் பார்த்து எண்ணுவது எளிதாக இருந்தது. நான் எண்ணிக் களைத்தபோது சேகர் எண்ணினார். அவர் கஞ்சி குடிக்கப் போனபோது அலமேலு எண்ணினார். எண்ணிக்கை தவறினால் அவர் முதலிலிருந்து தொடங்குவார், "இரு சாமி, இரு, மறுபடி வுடு மூச்ச" என்று முகிலனிடமே கேட்டுக்கொள்வார். கீழே ஓட்டுநர் சும்மா நிற்க முடியாமல் ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் எண்ணிக்கை ஏறுவது நின்றது. வெகுநேரம் ஒரே இடத்தில் இருந்தது. பிறகு இறங்கியது. ரெஜினா வந்து அவரே எண்ணிப் பார்த்தார். டாக்டரை அழைத்துவந்தார். அவரும் எண்ணினார். விலாவுக்கு நடுவில் விழுந்த குழி ஆழம் குறைந்திருந்தது.

"வண்டிய அனுப்பிடுங்க" என்றார்.

ஓட்டுநர் போவதற்கு முன் மாடி ஏறி வந்து முகிலனைப் பார்த்தார். "சரி, நான் போய்ட்டு வரட்டா?"

"போங்க" என்றார் அலமேலு. "ஆனா வராதீங்க."

தலையில்லாத ஒட்டகச்சிவிங்கியின் கீழே எல்லாரும் சிரித்தோம். ஓட்டுநர்தான் சத்தமாகச் சிரித்தார்.

புதன்கிழமை விடிந்தபோது முகிலனின் தலையணை நனைந்திருந்தது. வியர்வை. தெர்மாமீட்டரில் ஒரு வாரத்தில் பார்க்காத எண். நான் ரெஜினாவிடம் கொடுத்து மறுபடி வைக்கச் சொன்னேன். அதே எண். முகிலன் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தான்.

"அம்மா, அதுக்குத் தல எங்க?"

வார்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்வி. எங்கள் பிள்ளை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தான்.

அடுத்து, "பசிக்குது" என்றான். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "பரோட்டா. சால்னா தனியா." டாக்டர் இட்லிதான் என்று சொல்லிவிட்டார். மதியம் அன்வர் பாய் வந்தார். ஒரு கையில் அவர் வீட்டம்மா கொடுத்தனுப்பிய கஞ்சித் தூக்கு, இன்னொரு கையில் ஒரு ஜோடி புதுச் செருப்பு.

"போட்டுப் பாரு தம்பி. சின்னதா இருந்தா மாத்திக்கலாம். கடை எங்கயும் ஓடிப்போவாது." பிறகு சேகரிடம் திரும்பி, "உன் கடைதான் ஓடிப்போயிடும் போலக்குது. இன்னிக்கு ரெண்டு பேரு பம்புக்கு வந்துட்டானுங்க. எது பம்பு, எது மோட்டாருன்னே எனக்கு வெளங்கல."

தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. வெளியூர்ச் சோதனையின் முடிவும் வந்தது, உண்ணிக் காய்ச்சல்தான் என்று. அதற்குள் முகிலன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சந்தியாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். யாருடைய கறுப்புப் பொருக்கு பெரியது என்பது சண்டை. ரெஜினா வந்து அளந்து பார்த்துச் சமம் என்று தீர்ப்பு சொன்னார். சந்தியா ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை அவள் மலைப் பேருந்து ஏறினாள். மறுநாள் நாங்கள் வீடு திரும்பினோம்.

கிளம்பும்போது சேகரைக் காணவில்லை. தேடினால் மருத்துவமனைக்கு எதிரே உள்ள ஃபேன்சி ஸ்டோரிலிருந்து வந்தார். கையில் ஒரு பொட்டலம். நேராக ரெஜினாவின் இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார். எல்லாம் சிவப்பு.

"கறுப்பு கேக்கறவங்களுக்கு நான் எங்க போவேன்?" என்றார் ரெஜினா.

"எம் பையன் செவப்பு கட்டினான்னு சொல்லுங்க."

தாயத்தைச் சோப்பு போட்டுக் கழுவிச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். புதுக் கயிற்றில் கோக்கவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த நாளிதழிலிருந்து நண்பர் ஒருவர் நலம் விசாரிக்க அழைத்தார். "மர்மக் காய்ச்சலாமே?" என்றார். பெயர் இருக்கிறது என்றேன். எழுதிக்கொடுங்கள் என்றார். எழுதிக்கொடுத்தேன். அந்த வாரம் மாவட்டப் பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வந்தது. காய்ச்சல் விடாத பிள்ளையின் உடம்பை வெளிச்சத்தில் முழுக்கப் பாருங்கள், அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள், இடுப்புக் கயிற்றுக்கு அடியில். கறுப்புப் பொருக்கு இருந்தால் மஞ்சள் பூசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கயிற்றை எடுக்க மனமில்லாவிட்டால் புதியதைக் கட்டிவிட்டுப் பழையதை எடுக்கலாம். தலைப்பில் மர்மம் என்ற சொல் இல்லை.

பொருக்கு ஒருநாள் குளிக்கும்போது தானாக உதிர்ந்தது. அந்த இடத்தில் இப்போது வெளுத்த ஒரு புள்ளி இருக்கிறது. முகிலன் பள்ளிக்குப் போகிறான். பரோட்டா சாப்பிடுகிறான், சால்னா தனியாக. அரையாண்டு விடுமுறைக்குள் கயிறு இரண்டு முறை இறுகியது. இரண்டு முறையும் சேகர் முடிச்சை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார்.

ஒரு சாண் விட்ட வாலில் இப்போது இரண்டு விரற்கடை குறைந்திருக்கிறது.